மல்லித்தழை கிட்னியைக் கழுவாது, அப்பா

அன்பு அப்பாவுக்கு,

முதலில் ஒரு மன்னிப்பு. செத்துப்போனவர்களை ஏசினால் அவர்கள் போகிற வழி அடைபட்டுவிடும் என்று அம்மா சொல்கிறாள். நான் ஏசத்தான் எழுதுகிறேன். அதுவும் நாலு பேர் படிக்கிற இடத்தில். நேரில் உங்களிடம் இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசத் தெரியாதவளுக்கு இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல் என்று கேட்பீர்கள். இப்போது நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதுதான்.

இன்று காலை அம்மா உங்கள் டம்ளரில் மல்லித்தழைத் தண்ணீர் குடித்தாள். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் பிரிக்கப்படாமல் ஜன்னலில் கிடக்கின்றன. உங்களைக் கொண்டுபோனது போதாதென்று அது அம்மாவிடம் வந்து நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டுச் செய்தி கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உங்கள் பைக்கை விற்கவில்லை. ஆடு இரண்டு குட்டி போட்டது. கீழப்பழுவூர் முக்கத்தில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரை யாரும் இன்னும் அவிழ்க்கவில்லை. லாரி போகிற தூசியில் உங்கள் முகம் வெளுத்துவிட்டது, மீசை மட்டும் தெரிகிறது. கீழே எங்கள் பேர்கள். என் பேருக்குப் பக்கத்தில் பி.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி என்று போட்டிருக்கிறார்கள். சாவு பேனரிலும் என் படிப்பு.

உயிரோடு இருந்தபோது நீங்கள் செய்ததும் இதையேதான். அரியலூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிலிருந்து கூடை வைத்திருக்கிற அம்மா வரைக்கும் சொல்வீர்கள். "எம்பொண்ணுங்க. டிகிரி. நம்ம வகையறாவுலயே மொத டிகிரி. இப்ப லேப்ல வேலை பாக்குது." நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவ்வளவு பெருமை உங்களுக்கு. சரி, அந்தப் படிப்பிடம் என்றைக்காவது ஒரு கேள்வி கேட்டீர்களா? மாலை போட்டு மாட்டிவைத்த படத்தைப் போலத்தானே அதை வைத்திருந்தீர்கள்? கும்பிடலாம், பேச்சுக் கொடுக்க முடியாது.

உங்கள் கிட்னி கெட்டது மல்லியால் அல்ல. அந்தப் பழியை நான் ஒரு இலையின் மேல் போட மாட்டேன். சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி உடைந்த முதுகுக்கு, மெடிக்கலில் வாயால் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரை ஒரு பக்கம், கட்டுப்படாத சர்க்கரை ஒரு பக்கம். பெரம்பலூரில் நாம் போன அந்த ஆஸ்பத்திரி டாக்டர் இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொன்னார். கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். பொட்டாசியம் என்ற உப்பு கீரை, வாழைப்பழம், இளநீரில் எல்லாம் இருக்கிறது, நல்ல கிட்னி அதை வெளியே தள்ளிவிடும், உங்களுடையது தள்ளாது, அது ரத்தத்தில் ஏறினால் இதயத்துக்கு ஆகாது என்றார். நீங்கள் தலையாட்டினீர்கள். லாரிக்காரர் தலையாட்டல். செக்போஸ்ட்டில் ஆட்டுகிற அதே ஆட்டல்.

வெளியே வந்ததும் நர்ஸம்மா சீட்டைக் கொடுத்துவிட்டு, "கீரை, காய் எதுன்னாலும் பொடியா நறுக்கி, நெறைய தண்ணி ஊத்தி வேக வச்சு, வடிச்சிட்டுச் சாப்பிடுங்க ஐயா. அடுத்து யாரு, வாங்க" என்றார்.

தண்ணீரைக் கொட்டிவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. வடித்தால் கொட்டத்தானே போகிறார்கள் என்று நினைத்திருப்பார். நம் வீட்டில் வடித்த எதையும் கொட்டியதே இல்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கிற வீடு. பயறு வேகவைத்த தண்ணீர் ரசத்துக்குப் போகும், கீரை வடித்த தண்ணீர் பூண்டு தட்டிப்போட்டுச் சாறாக வந்துவிடும். கொட்டினால் பக்கத்து வீட்டிலிருந்து, "சத்த பூரா சாக்கடையில ஊத்துறா பாரு, பவுசு வந்துடுச்சு" என்று குரல் கேட்கும். அந்த ஆஸ்பத்திரியின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஒரே ஒரு வாக்கியம் மிச்சப்படுத்திவிட்டார்கள்.

அந்த வாக்கியத்தை நான் சொன்னேன். அன்றைக்கே சொன்னேன். வேண்டாத உப்பு காயிலிருந்து தண்ணீரில் இறங்கிவிடும், அதனால் அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று அம்மாவிடம் சட்டியைக் காட்டியே சொன்னேன். அம்மா மனசே இல்லாமல் கொஞ்சநாள் வாழை மரத்தடியில் ஊற்றினாள். அதற்குள் ராசேந்திரன் மாமா போனோடு வந்தார்.

அம்மாவின் தம்பியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. படிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பஸ் ஸ்டாப்பில் மாமாவுக்கு ரீசார்ஜ் கடை. காலையில் கடை திறந்ததும் ஊருக்கே வைத்திய வீடியோ அனுப்பிவிட்டுத்தான் சாம்பிராணி போடுவார். அன்று அவர் கொண்டுவந்த வீடியோவில், ஒருவர் ஒரு கட்டு மல்லித்தழையை நறுக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, அந்தத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றிக் காட்டினார். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மண்டலம் குடித்தால் கிட்னி பளிச்சென்று கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடுமாம்.

உங்கள் முகம் எப்படி மலர்ந்தது என்று இன்னும் கண்ணில் நிற்கிறது.

"ஏ பாப்பா, இங்க வா. இதப் பாரு. அந்த நர்ஸம்மா என்ன சொல்லுச்சு? நறுக்கி, வேக வச்சு, வடிக்கச் சொல்லுச்சா? இவரும் அதையேதான் சொல்றாரு. ரெண்டும் ஒண்ணு."

"ஒண்ணு இல்லப்பா. அவங்க தண்ணியக் கொட்டச் சொல்றாங்க. இவரு தண்ணியக் குடிக்கச் சொல்றாரு."

"சத்து எதுல இருக்கு? தண்ணியிலயா, சக்கையிலயா?"

"தண்ணியிலதான். அதனாலதான் குடிக்கக் கூடாது."

நீங்கள் மாமாவைப் பார்த்தீர்கள். மாமா உங்களைப் பார்த்தார். "கேட்டியா ராசேந்திரா? சத்து இருக்காம், அதனால குடிக்கக் கூடாதாம். இதக் கத்துக்கத்தான் மூணு வருசம் பஸ் ஏறிப் போனா."

"கோவிச்சுக்காதீங்க டாக்டரம்மா," என்றார் மாமா. "ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறது வேற, மூலிகை வேற. மல்லி என்ன வெசமா? தெனம் ரசத்துல போடுறோம்."

ரசத்தில் நாலு இலை கிள்ளிப் போடுவதும் ஒரு கட்டைப் பிழிந்து குடிப்பதும் ஒன்றல்ல என்று சொன்னேன். அது யார் காதிலும் விழவில்லை. "என்ன சொல்றா? வாய்க்குள்ளயே பேசுறா" என்றீர்கள். அதோடு பேச்சு முடிந்தது. என் குரல் சின்னது என்பதற்காக நான் இங்கே உட்கார்ந்து அழப்போவதில்லை. பக்கத்தில் வந்து குனிந்து கேட்டிருந்தால் கேட்டிருக்கும். அடுத்த வீட்டு டிவியில் ஓடுகிற செய்தி கேட்கிற காதுதானே உங்களுடையது?

மறுநாள் முதல் மல்லித்தண்ணீர். அம்மாவுக்கும் நிம்மதி, கொட்ட வேண்டியதில்லை. கொல்லையில் பாத்தி போட்டு மல்லி விதைத்தீர்கள். முளைக்கும்வரை பொறுக்காமல் சந்தையில் கட்டுக் கட்டாக வாங்கி வந்தீர்கள். பூச்சிமருந்தடித்த வாடை வேரிலேயே தெரியும். அதைச் சரியாக அலசக்கூட இல்லை. அலசினால் சத்து போய்விடுமாம்.

கொஞ்ச நாளில் கால் கனக்கிறது என்றீர்கள். "ரெண்டு காலும் கல்லக் கட்டுனாப்ல கெடக்கு." பொட்டாசியம் ஏறினாலும் கால் இப்படிக் கனக்கும். அந்த முடிவுகளை லேபில் தினம் பார்க்கிறவள் நான். ஒரு சொட்டு ரத்தம் கொடுங்கள், மத்தியானமே பார்த்துச் சொல்லிவிடுகிறேன் என்று ஊசியும் குப்பியும் வீட்டுக்கே எடுத்து வந்தேன். மாமா, "கெட்ட நீரு எறங்குது மச்சான், அப்படித்தான் கனக்கும்" என்றார். நீங்கள் கையை மடக்கிக்கொண்டீர்கள்.

"மண்டலம் முடியட்டும் பாப்பா. பாதியில பாக்கக் கூடாது. முடிஞ்சதும் நீயே எடு. அந்தப் பேப்பர டாக்டரு மேசையில போட்டுட்டு வருவோம்."

லாரியில் டெம்பரேச்சர் முள் கொஞ்சம் ஏறினால் போதும், கிளீனரைத் திட்டி, ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பீர்களே அப்பா. உங்கள் ரத்தத்துக்கு மட்டும் ஏன் முள்ளைப் பார்க்கக் கூடாது என்றீர்கள்? முதலாளியின் வண்டிமேல் இருந்த அக்கறை உங்கள் உடம்பின் மேல் ஏன் இல்லாமல் போனது?

மாசியில் ஒரு காலை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பைக்கை உதைத்தீர்கள். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கவில்லையே என்று அம்மா வந்து பார்த்தபோது வண்டி நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் பக்கத்தில் கிடந்தீர்கள்.

மல்லித்தண்ணீர்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல என் கையில் ஒரு சோதனை முடிவும் இல்லை. எடுக்க நீங்கள் விடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், என்ன சாப்பிட்டுவந்தார் என்று. அம்மா சொன்னாள். அவர், "தினமுமா?" என்று மட்டும் கேட்டார்.

கருமாதிப் படையலில் உங்களுக்குப் பிடித்ததெல்லாம் வைத்தார்கள். ஆட்டுக்கறி, பரோட்டா, பீடிக்கட்டு. இலையின் தலைப்பில் என்ன வைத்தார்கள் தெரியுமா? ஒரு டம்ளர் மல்லித்தண்ணீர். மாமாதான் வைத்தார். வைத்துவிட்டுப் பந்தலில் சொன்னார், "மச்சான் மண்டலத்த முடிக்கல. இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிச்சிருந்தா லாரியே ஓட்டியிருப்பாரு." அத்தனை தலைகளும் ஆடின. மருந்து உங்களைக் கைவிடவில்லையாம், நீங்கள்தான் மருந்தைக் கைவிட்டீர்களாம். எனக்குப் பந்தக்காலைப் பிடுங்கி வீச வேண்டும்போல் இருந்தது. எல்லோரும் சாப்பிட்ட இலைகளை நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

மல்லியை நான் வெறுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். லேபுக்குக் கொண்டுபோகிற சாப்பாட்டில் இன்றைக்கும் மல்லித் துவையல்தான். வேர் மண் போக உப்புத் தண்ணீரில் போட்டு நாலைந்து தண்ணீர் அலசித்தான் அரைக்கிறேன். வாய்க்கு ருசி வரும், பசி எடுக்கும். சுக்கு மல்லிக் காப்பி குடித்தால் வயிற்று உப்புசம் இறங்கும் என்பது நம்மவர்கள் கண்டு வைத்திருப்பது, அதில் எனக்குச் சண்டை இல்லை. சிலருக்கு அரிப்பு எடுக்கும், அவர்கள் ஒதுக்கிவிட வேண்டியதுதான். நல்ல கிட்னி உள்ளவன் ஒரு கை மல்லி அதிகம் தின்றாலும் உடம்பு பார்த்துக்கொள்ளும். கெட்ட கிட்னியைக் கழுவுகிற வேலை மட்டும் அதற்குத் தெரியாது. கிட்னி என்ன ஈயம் பூசுகிற பாத்திரமா?

போனவாரம் கல்லங்குறிச்சியிலிருந்து ஒரு அம்மா சர்க்கரை பார்க்க வந்தார். ரத்தம் எடுத்து முடித்ததும் கேட்டார். "ஏம்மா, மல்லி வெதைய ஊறவச்ச தண்ணி குடிச்சா சுகரு கொறையுமாமே, குடிக்கலாமா?"

"கொஞ்சம் கொறைக்கலாம்னு சொல்றாங்கம்மா. ஆனா மாத்திரையும் அதுவும் சேந்து ரொம்பக் கொறைச்சிட்டா மயக்கம் வந்துரும். டாக்டர்கிட்ட சொல்லிட்டுக் குடிங்க. மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க."

"சரி தாயீ, நீ சொன்னாச் சரி" என்று போய்விட்டார். யாரோ ஒருவர், அப்பா. என் பேர்கூட அவருக்குத் தெரியாது. அந்த ஒரு கேள்வியை நீங்கள் கேட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

இப்போது அம்மா. சித்திரையில் அவளைக் கெஞ்சி லேபுக்கு அழைத்துப்போய்ச் சோதித்தேன். சிறுநீரில் புரதம் கசிகிறது. உங்களுக்கு ஆரம்பித்தது போலத்தான். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தது நல்லது, சர்க்கரையையும் பிரஷரையும் கட்டுக்குள் வைத்தால் நீண்டகாலம் ஓட்டலாம், மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்றார் டாக்டர். அம்மாவும் ஒழுங்காகத்தான் போட்டுவந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை நிறுத்திவிட்டாள்.

"ஏம்மா மாத்திரை போடல?"

"பத்தியத்துல இருக்கேன்டி. இங்கிலீசு மருந்து சேரக் கூடாது."

"யாரு சொன்னா? மாமாவா?"

"உங்கப்பா."

விடியற்காலைக் கனவில் நீங்கள் வந்தீர்களாம். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றீர்களாம். "பாதியில விட்டுட்டேன் சரோசா, நீ முடிச்சிடு" என்றீர்களாம். சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நீங்கள் போன பிறகு அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை. உங்களுக்குச் செய்ய அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. எழுந்ததும் கொல்லைக்குப் போகிறாள். நீங்கள் விதைத்த மல்லி கனத்துக் கிடக்கிறது. பறிக்கிறாள், கொதிக்கவிடுகிறாள், கிழக்கே பார்த்து நின்று குடிக்கிறாள்.

"கனவும்மா அது" என்றேன்.

"ஒனக்கு ரத்தத்துல தெரியுது. எனக்குக் கனவுல தெரியுது. போய் வேலையப் பாரு."

மாமா கடைக்குப் போனேன். தனியாக அந்தக் கடைப் படி ஏறியதே அன்றுதான் முதல்முறை. ஆட்கள் நின்றார்கள். ஆனாலும் கேட்டேன்.

"மாமா, நீங்க சொன்னா அம்மா கேக்கும். நிறுத்தச் சொல்லுங்க."

"நான் எப்படிம்மா சொல்றது? செத்த மனுசன் வாக்கு. நான் குறுக்க நின்னா நல்லாருக்குமா?"

கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பாதி காலி. பிரஷர் மாத்திரை, பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"இது யாருது மாமா?"

"எனக்குத்தான். போன வருசத்துலேருந்து."

"நீங்க மல்லித்தண்ணி குடிக்கலயா?"

"எனக்கு அந்த வாசன ஒத்துக்காதும்மா. வயித்தப் பெரட்டும்."

நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மாமா அட்டையை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சிம்மு வேணுமா ஒனக்கு?" என்றார். வீடு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அவன் ஒடம்பு அவனுக்கு" என்று சொல்லிவிட்டுக் குப்புறப் படுத்துக்கொண்டாள். நேற்று அவள் கொலுசு கழற்றும்போது பார்த்தேன், கணுக்காலில் கொலுசு பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. வீக்கம் வந்துவிட்டது அப்பா.

உங்களுக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். இந்த வீட்டில் இனி யார் என்ன குடிக்கப்போனாலும், கேட்கவில்லை என்றால் மறுபடி சொல்வேன், சிரித்தால் சிரித்து முடியும்வரை நின்று சொல்வேன். சத்தமாகப் பேசத் தெரியாது, கற்றுக்கொள்கிறேன். அம்மாவைத் தூக்கிக்கொண்டாவது ஆஸ்பத்திரிக்குப் போவேன்.

ஆனால் என் பேச்சு உங்கள் பேச்சை வெட்டாது. அம்மாவிடம் அது ஒருநாளும் நடந்ததில்லை. அதனால், இவ்வளவு நேரம் ஏசிவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டு வைத்திருந்த ஒன்றைக் கேட்கிறேன். எனக்குக் கனவில் நம்பிக்கை கிடையாது. படித்தவள் இப்படிக் கேட்கலாமா என்று யாராவது சிரிக்கட்டும்.

இன்னொரு தடவை அவள் கனவில் வாருங்கள். வாசலிலேயே நில்லுங்கள், போதும். "மண்டலம் முடிஞ்சிடுச்சு சரோசா, மாத்திரையப் போடு" என்று சொல்லிவிட்டுப் போங்கள். பொய்தான். பரவாயில்லை, சொல்லுங்கள். நாளைக்கே வாருங்கள் அப்பா.

இப்படிக்கு,
இன்னும் கோபத்தோடு இருக்கும் உங்கள் மூத்த மகள்
தமிழரசி